அமெரிக்காவில் வரி ஏறினால், சேவூரில் ஒன்றரை ஷிப்ட் ஏன் ஒரு ஷிப்ட் ஆகுது?

"டாரிஃப்னா அரசாங்கங்களுக்கு நடுவுல நடக்கிற சண்டை, என் சம்பளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில்.

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிற ஊர் சேவூர். சுற்றிலும் நிலக்கடலைக் காடு. காலையில் அதே ரோட்டில் பனியன் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். திருப்பூர் வட்டாரத்தின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் சுமார் 45,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அந்த அமெரிக்காதான் 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியது.

முதலில், நாடுகள் ஏன் வாங்கி விற்கணும்?

ஒரு கம்பெனிக்குள்ளேயே பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக மட்டும்.

கட்டிங் மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் 100 பீஸ் கட் பண்ணுவார். செக்கிங் உட்கார்ந்தால் 200 பீஸ் பார்ப்பார். ஹெல்ப்பர் கட்டிங்கில் 20, செக்கிங்கில் 100. இரண்டிலும் மாஸ்டர்தான் கில்லாடி. அப்போ இரண்டையும் அவரே செய்யலாமா?

கூடாது. மாஸ்டர் ஒரு மணி நேரச் செக்கிங்கை விட்டுவிட்டுக் கட்டிங் செய்தால் 100 பீஸ் கூடுதலாகக் கிடைக்கும். அவர் விட்ட 200 பீஸ் செக்கிங்கை ஹெல்ப்பர் 2 மணி நேரத்தில் முடிப்பார். அந்த நேரத்தில் அவர் செய்யாமல் விட்ட கட்டிங் 40 பீஸ்தான். யாரும் கூடுதல் நேரம் உழைக்காமலே கம்பெனிக்கு 60 பீஸ் லாபம்!

இதுதான் ஒப்பீட்டு அனுகூலம். "யார் கெட்டிக்காரர்" என்பது கேள்வி இல்லை. "இந்த வேலையைச் செய்ய, யார் குறைவாக இழக்கிறார்" என்பதுதான் கேள்வி. டேவிட் ரிக்கார்டோ 1817-ல் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் ஒயினையும் வைத்து இதைத்தான் சொன்னார். அமெரிக்காவாலும் டி-ஷர்ட் தைக்க முடியும். ஆனால் அந்த நேரத்தில் அங்கே அதைவிட அதிகம் சம்பாதிக்கும் வேலைகள் இருக்கு. அதனால் அமெரிக்கர்கள் உடுத்துவதில் பெரும்பகுதி இறக்குமதிதான்.

வரி என்ன செய்யுது?

ஒரு காட்டன் டி-ஷர்ட்டின் கப்பலில் ஏற்றும் விலை 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அமெரிக்காவின் வழக்கமான சுங்க வரியே 16.5 சதவீதம். அதன்மேல் 50 சேர்ந்தால் 66.5 சதவீதம். அங்கே இறங்கும்போது விலை 6.66 டாலர். பங்களாதேஷுக்கு அப்போது கூடுதல் வரி 20 சதவீதம். அதே 4 டாலர் டி-ஷர்ட் அங்கிருந்து போனால் 5.46 டாலர்.

வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் அவர் உடனே நம்ம மெர்ச்சண்டைசருக்குத்தான் போன் போடுவார்: "விலையைக் குறைங்க." 5.46-ஐ எட்ட நாம் 4 டாலரை சுமார் 3.28 ஆக இறக்கணும். அதாவது 18 சதவீதத் தள்ளுபடி. அவ்வளவு மார்ஜின் யாரிடம் இருக்கு?

திருப்பூர் டைலருக்குத் திறமை குறையவில்லை, தையல் மாறவில்லை. ஒரு கையெழுத்தில் கணக்கு மாறிடுச்சு. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள் யூனிட். அடுத்து ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும்.

நம்ம பக்கமும் சுவர் இருக்கு

இந்தியாவும் 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு வரி போட்டது. மொத்தம் 11 சதவீதம். பருத்தி விவசாயிக்கு அது பாதுகாப்பு, நூல் வாங்கும் பனியன் கம்பெனிக்குச் சுமை. அமெரிக்க வரி ஏறும் நேரத்தில், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை அதை எடுத்தார்கள். கம்பெனிகள் வரவேற்றன, விவசாயிகள் எதிர்த்தார்கள்.

சமையல் எண்ணெயும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. 2025 மே மாதம் அது 10 ஆகக் குறைந்தது. இப்போ சேவூரில் ஒரு வீட்டை யோசிச்சுப் பாருங்க. அப்பா நிலக்கடலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலத்துக்குக் கொண்டுபோகிறார். மகள் கம்பெனியில் செக்கிங். எண்ணெய்க்கு வரி இருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் விலை நிக்கும். அமெரிக்கா வரி போட்டால் மகளுக்கு ஷிப்ட் போகும். கடையில் பாமாயில் பாக்கெட் வாங்குவது அம்மா. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கணக்கு!

வர்த்தகம் மொத்தத்தில் லாபம் என்பது சரிதான். ஆனால் லாபமும் நஷ்டமும் ஒரே ஆளிடம் போய்ச் சேருவதில்லை. தடை திடீரென்று வரும்போது, சேமிப்பு குறைவாக இருக்கிறவர்தான் முதலில் அடிபடுகிறார்.

சரி, நாம் என்ன பண்ணணும்?

ஒன்று: இ.எம்.ஐ.-யை ஒரு ஷிப்ட் சம்பளத்தில் கணக்குப் போடுங்க. ஒரு ஷிப்டுக்கு மாதம் 15,000, ஒன்றரை ஷிப்டுக்கு 22,500 வருதுன்னு வைங்க. வீட்டுச் செலவு 12,000, பைக் தவணை 6,000 போக 4,500 மிச்சம். ஒரு ஷிப்ட் ஆனால் மாதம் 3,000 பள்ளம். 5 மாதத்தில் 15,000 கடன். அமெரிக்கா 2026 பிப்ரவரியில் வரியை இறக்கியது, நல்ல செய்திதான். ஆனால் அதுவரை போன ஷிப்ட் திரும்பி வராது, தவணையும் நிற்காது.

இரண்டு: எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைக்காதீங்க. வேலை திருப்பூர், சைட் அவிநாசி, சீட்டு கம்பெனி ஆட்களோடு. ஆர்டர் நின்றால் சம்பளம், வாடகை, நிலத்தின் விலை, சீட்டுப் பணம் நாலும் ஒரே நேரத்தில் ஆடும். 6 மாதச் செலவுப் பணம் வங்கி டெபாசிட்டில் தனியாக இருக்கட்டும். நீண்டகால முதலீடு நாடு முழுக்கப் பல துறைகளில் பரவிய இண்டெக்ஸ் ஃபண்டில் போகட்டும்.

மூன்று: உங்க சம்பளத்தை எந்த நாடு கொடுக்குதுன்னு கேளுங்க. ஐ.டி.-யில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்ததே, அதுவும் ஒரு சுவர்தான். ஒரே பையரை நம்பும் கம்பெனியில் இருந்தால், உங்க அவசரகால நிதி இன்னும் பெரிசா இருக்கணும்.

2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும், கம்பெனிகள் அந்தப் பக்கம் பையர் தேடுவதில் இன்னும் வேகம் காட்டின. கம்பெனி தன் ரிஸ்க்கைப் பிரிக்குது. மாதச் சம்பளக்காரர்களான நாமும் பிரிக்கலாமே?

உங்க வீட்டில் மாத வருமானத்தில் ஓ.டி. எத்தனை சதவீதம்? இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. அந்த ஒரு எண் போதும், அவசரகால நிதி எவ்வளவு வேணும்னு அடுத்த வீடியோவில் சேர்ந்தே கணக்குப் போடலாம்.