பாரணையும் விரதம்தான்

வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசலையும், இருள் பிரியாத வேளையில் ரத்னாங்கியோடு அதைக் கடந்து வரும் நம்பெருமாளையும் பற்றித்தான் பேச்சு. வீட்டுக்குள் நடக்கும் ஏகாதசியை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

அன்று அரிசி அடுப்பேறாது. முடிந்தவர்கள் துளசித் தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பாலும் பழமும். எட்டு வயதுக்குக் கீழ், எண்பதுக்கு மேல் உபவாசம் வேண்டாம் என்று சாஸ்திரமே விலக்கு தருகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் பட்டினி கிடக்க அடம்பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி கண்விழிக்கப் பிரபந்தம் சேவிப்பார்கள். பிள்ளைகளுக்குப் பரமபத சோபானப் படம். தாயம் உருள உருள, பாம்பில் இறங்குவதும் ஏணியில் ஏறுவதுமாக விடிந்துவிடும்.

ஆனால் விரதம் அங்கே முடிவதில்லை. துவாதசித் திதியின் முதல் கால் பாகமான ஹரிவாசரம் கழிந்து, திதி தீர்வதற்குள், உண்டு விரதத்தை முடிக்கும் பாரணையைச் செய்தாக வேண்டும். பாகவதத்தில் அம்பரீஷன், விருந்தாளியாக வந்து நீராடப் போன துர்வாச முனிவர் திரும்பாமல் திதி முடியப் போகிறதே என்று தவித்து, வெறும் தீர்த்தத்தைப் பருகிப் பாரணையை நிறைவேற்றிய கதை இதைச் சுற்றித்தான். அதற்காக முனிவரின் கோபத்தையும் அவன் ஏற்க வேண்டியிருந்தது.

பாரணை இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் கட்டாயம். பல வீடுகளில் அன்று புளி சேர்ப்பதில்லை. சாம்பாருக்குப் பதில் மோர்க்குழம்பு. வெறும் வயிற்றின் சூட்டை அகத்தி தணிக்கும் என்பார்கள். பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் தாராளமாகப் போட்டால் அதன் கசப்பு அடங்கும். நெல்லிக்காயைத் தயிர்ப் பச்சடியாக்கிவிடலாம்.

இத்தனையையும் விடிவதற்குள் சமைப்பது யார்? முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, இரவெல்லாம் கண்விழித்த அதே பெண்தான். அவளும் விரதம் இருப்பவள் என்பது பல வீடுகளில் யாருக்கும் உறைப்பதே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. அகத்தி ஆய்வதற்கு நேரம் பிடிக்கும். அதை ஏகாதசி மாலையே, வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து ஆய்ந்து வைக்கலாம். தேங்காய் துருவலாம், நெல்லிக்காய் நறுக்கலாம். காலையில் பரிமாறும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டால், முதல் பந்தியிலேயே அவளுக்கும் இலை போட்டுவிடலாம்.