கொழும்பில் எந்தப் பக்கம் தங்குவது?

"நட்சத்திர ஹோட்டல் பற்றிய பேச்சு எங்களுக்கு எதற்கு?" என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று எங்கள் கிராமங்களிலிருந்து பெண்கள் பலர் ஏதோ ஒரு காரணத்துக்காக அந்தக் கட்டடங்களுக்குள் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொழும்பில் அறை எடுத்து, "வந்து எங்களோடு நாலு நாள் தங்குங்கோ" என்கிறார்கள். நிறுவனங்கள் கருத்தரங்குகளையும் கலந்துரையாடல்களையும் அங்கே வைக்கின்றன. காசு கொடுப்பவர் வேறொருவர் என்பதால், இடத்தைத் தெரிவு செய்வதும் அவருடைய வேலை என்று நாங்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

எனக்கு அந்தத் தெரிவு நேரடியாகவே வந்தது. கனடாவிலிருந்து என் தங்கை 17 வருடங்களின் பின் அம்மாவைப் பார்க்க வர ஆயத்தமானாள். அவளுக்கு லீவு குறைவு. அம்மாவையும் கொழும்பில் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. "காசைப் பற்றி யோசிக்காதீங்கோ அக்கா, நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள். அம்மாவுக்கு 74 வயது. ஷெல் காயத்தால் ஒரு கால் சரியாக மடங்காது. உரத்த சத்தம் கேட்டால் இன்றைக்கும் உடல் நடுங்கும். ஆகவே நான் ஹோட்டல்களின் பெயர்களையோ நட்சத்திரங்களையோ முதலில் பார்க்கவில்லை. அவை எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதையே பார்த்தேன்.

கோட்டை

துறைமுகத்தை ஒட்டிய பழைய வர்த்தகப் பகுதி இது. 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இன்றும் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஹில்டன், கிங்ஸ்பெரி ஆகியனவும் கோட்டையிலேயே உள்ளன. வங்கி, கந்தோர் அலுவல்களுக்கு வருபவர்களுக்கு இது வசதியான இடம். கந்தோர்கள் பூட்டிய பின்னரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சில தெருக்கள் வெறிச்சோடிவிடும். தனியாக வரும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோட்டைப் புகையிரத நிலையம் என்று நாங்கள் சொல்வது உண்மையில் புறக்கோட்டைப் பக்கமாகவே இருக்கிறது. பொதியோடு நடந்து போகலாம் என்று எண்ணாமல் முச்சக்கர வண்டி பிடிப்பதே நல்லது.

1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியிலும், 1997 ஒக்டோபர் 15இல் உலக வர்த்தக மையத்தின் அருகிலும் குண்டுகள் வெடித்தது இந்தப் பகுதியில்தான். அந்த நாட்களோடு தொடர்புடைய துயரம் உள்ளவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இங்கு அறை எடுக்க வேண்டும்.

காலிமுகத்திடல்

கொழும்பின் அழகான கடற்கரை முகப்பு இதுதான். ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த நடைபாதை 1859இல் நிறைவு பெற்றபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. திடலின் தென்கோடியில் 1864இல் தொடங்கிய கோல்பேஸ் ஹோட்டல் உள்ளது. முன்பு இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் 2017இல் ஷங்ரி-லா திறக்கப்பட்டது. 2024இல் ஐ.டி.சி. ரத்னதீபவும் வந்தது.

மாலையில் காற்று வாங்கவும், இறால் வடை வாங்கித் தின்னவும், பிள்ளைகள் பட்டம் விடவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் என் தங்கை வரவிருந்தது பெப்ரவரி முதல் வாரம். 2023, 2024ஆம் ஆண்டுகளில் சுதந்திர தின அணிவகுப்பு இத்திடலில்தான் நடந்தது. 2025இல் சுதந்திர சதுக்கத்துக்கு மாறியது. விழா நடக்கும் இடத்தில் வீதிகளை மூடுவார்கள், மரியாதை வேட்டுகள் முழங்கும், விமானங்கள் தாழப் பறப்பதும் உண்டு. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பதுங்குகுழியில் இருந்து எழும்பி வந்த ஒரு தாய்க்கு அப்படியல்ல. டிசம்பர் 31 இரவு வாணவேடிக்கையும் அவ்வாறே. போகும் திகதியில் அங்கே என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே ஹோட்டலில் கேட்டால் சொல்வார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று ஷங்ரி-லா, கிங்ஸ்பெரி, சினமன் கிராண்ட் ஆகிய மூன்று ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. தேவாலயங்களிலும் இங்குமாக 250இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வாசலில் பொதியைச் சோதித்தால் அதை அவமானமாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் சோதனைச் சாவடிகளில் பட்டபாடு நினைவிருக்கும் முதியவர்களுக்கு, "எல்லோரையும் இப்படித்தான் பார்ப்பார்கள்" என்று முன்னரே சொல்லி வையுங்கள்.

கொம்பனித்தெரு

பேர வாவிக் கரையிலுள்ள பகுதி. சினமன் லேக்சைட் இங்குள்ளது. 2024 ஒக்டோபரில் சினமன் லைப் திறக்கப்பட்டது. மலாய், முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த இடம் இது. 2010இன் பின்னரான ஆண்டுகளில் அபிவிருத்தி வேலைகளுக்காகப் பல குடும்பங்கள் இங்கிருந்து அகற்றப்பட்டன. வீடு இழப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கும்போது அந்த மக்களையும் நினைத்துக்கொள்வோம்.

கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும்

காலி வீதியின் இருபுறமும் கடைகள், மருந்தகங்கள், சாப்பாட்டுக் கடைகள் நிறைந்திருக்கும். இந்திய உயர்ஸ்தானிகராலயமும் அமெரிக்கத் தூதரகமும் கொள்ளுப்பிட்டியில் உள்ளன. தேசிய கண் வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியில் அதிக தூரமில்லை. பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில் இருக்கிறது; செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் இரதம் வந்து சேர்வதும் இங்குதான்.

கடல் பக்க அறைதான் வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். இப்பகுதியில் கடலுக்கும் கரைக்கும் இடையே ரயில் பாதை ஓடுகிறது. கடலைப் பார்க்கும் அறையில் ரயில் சத்தமும் சேர்ந்து வரும். நித்திரை குறைந்தவர்களுக்கு உட்பக்க அறையே நல்லது.

வெள்ளவத்தையும் கல்கிசையும்

தமிழில் கதைத்து மரக்கறி வாங்கலாம் என்றால் அது வெள்ளவத்தைதான். தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் இங்கே இருக்கின்றன. மேலும் தெற்கே, கோட்டையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் கல்கிசை. ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் அமைத்த மாளிகையே பின்னர் மவுண்ட் லவினியா ஹோட்டலாயிற்று. காலை நனைக்க மணற்கரை வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற இடம். வைத்தியசாலை, தூதரக அலுவல் உள்ளவர்களுக்கு மாலை நேர வாகன நெரிசல் பெரும் தொல்லையாகும்.

நாங்கள் தெரிவு செய்யாத காலம்

இதையெல்லாம் எழுதும்போது பழைய லொட்ஜ்கள் நினைவுக்கு வருகின்றன. 2006இல் நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறையில் மூன்று கிழமை இருந்தோம். எந்தப் பகுதி நல்லது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. யார் அறை தருவார்கள் என்பதே அன்றைய கேள்வி. பதிவுத் துண்டை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 370இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துக் கட்டளையிட்டது. அப்படியான காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு, "இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டும்" என்று சொல்வது சின்ன விடயமல்ல.

இறுதியில் கொள்ளுப்பிட்டியில் வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஹோட்டலில் இரண்டாம் மாடியில், லிப்டுக்குப் பக்கத்து அறையைத் தெரிவு செய்தேன். முதல் இரவு அம்மா கேட்டது ஒன்றுதான்: "கதவை உள்ளுக்குப் பூட்டலாமோ?" பூட்டிக் காட்டினேன். விடியும்வரை நித்திரை கொண்டார்.

அறை பதிய முன்னர் கேட்க வேண்டியவை

முதலில் வேலை என்ன, அது எங்கே என்று எழுதுங்கள். அந்த இடத்துக்கு அருகிலேயே தேடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவில் வருபவர்களுக்கு அன்றிரவு மட்டும் நீர்கொழும்பு சுலபம்.

சொன்ன விலையில் 10 சதவீத சேவைக் கட்டணமும் வரிகளும் அடங்குமா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். உள்நாட்டவருக்குத் தனி விலை உண்டா என்றும் விசாரியுங்கள்.

குளியலறையில் தொட்டி ஏற வேண்டுமா, பிடித்து நிற்கக் கைபிடி உண்டா, சக்கர நாற்காலி தருவார்களா என்று கேளுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

கருத்தரங்குக்கு அழைக்கும் நிறுவனத்திடமும் இதையே சொல்லலாம். "எனக்கு உயர்ந்த மாடி வேண்டாம்", "இரவில் தனியே வீதி கடக்க முடியாது" என்பவை குறை கூறுவதல்ல. எங்கள் உடம்பும் மனமும் பட்டது எங்களுக்கே தெரியும். அடுத்த முறை அழைப்பு வரும்போது, "எந்த ஹோட்டல்?" என்பதோடு "எந்தப் பக்கம்?" என்றும் கேளுங்கள் சகோதரிகளே.