வீணை இசைச் சுவடிகளும் அட்டவணைகளும்

வீணையின் அமைப்பு, மெட்டுகளை வைக்கும் முறை, இராக இலக்கணம் முதலியவற்றைக் கூறும் பழைய சுவடிகள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் உள்ளன. இவற்றைக் கண்டறிய உதவுபவை சுவடி விளக்க அட்டவணைகள் ஆகும்.

தேடும் முறை: அட்டவணையில் 'வீணை' என்ற சொல்லை மட்டும் தேடினால் முக்கியமான நூல்கள் விடுபட்டுவிடும். எடுத்துக்காட்டாக, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டிப் பிரகாசிகையின் முதல் இயலே வீணையைப் பற்றியது. ஆனால் நூற்பெயரில் வீணை இல்லை. எனவே நூற்பெயர், ஆசிரியர் பெயர், சங்கீதம் என்னும் பொருட்பிரிவு ஆகிய மூன்றின் வழியாகவும் தேட வேண்டும்.

முக்கிய அட்டவணைகள்: தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னல் 1880இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். பின்னர் பி. பி. எஸ். சாஸ்திரியின் விளக்க அட்டவணை 1928 முதல் 19 தொகுதிகளாக வந்தது. இரண்டிலும் ஒரே சுவடிக்கு வெவ்வேறு எண்கள் இருப்பதால், எண்ணுடன் அது எந்த அட்டவணையின் எண் என்பதையும் குறித்துக்கொள்வது அவசியம். ஒரு வடமொழி நூலின் படிகள் எந்தெந்த நூலகங்களில் உள்ளன என்பதை அறிய, சென்னைப் பல்கலைக்கழகம் 1949 முதல் வெளியிட்டுவரும் 'நியூ கேட்டலாகஸ் கேட்டலாகோரம்' உதவும். தமிழ், தெலுங்குச் சுவடிகளுக்கு அந்தந்த மொழிக்குரிய அட்டவணைகளைத் தனியே பார்க்க வேண்டும்.

பிறநாட்டு ஒப்பீடு: வீணையைப் போன்றே நரம்பிசைக் கருவியான ஐரோப்பிய லூட்டின் கையெழுத்துச் சுவடிகளுக்கு, வொல்ஃப்காங் பொட்டிஷர் தொகுத்த அட்டவணை 1978இல் வெளிவந்தது.