பைன் காட்டில் படுக்கப் போகிறவர்களுக்கு

ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறு, தங்கூசி, படங்கு விற்கிறேன். 2013இல் துறைமுகம் திறந்தபோது வள்ளக்காரர்களை நம்பிப் போட்ட கடை. துறைமுக வாயை மணல் மூடி வள்ளங்கள் தடுமாறிய காலத்தில் புது வாடிக்கை ஒன்று வந்து சேர்ந்தது. "காக்கா, டென்ட் கட்ட நல்ல கயிறு இரிக்கா?" என்று கேட்டு வருகிற பொடியன்கள். மருமக்களோடு நானும் மலைக்குப் போய்ப் பழகிவிட்டதால், கயிற்றோடு கொஞ்சம் புத்தியும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை தாண்டி, 18 வளைவு ஏறி, ஹுன்னஸ்கிரியவில் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வன பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். குழாய், மின்சாரம், கடை எதையும் எதிர்பார்க்காமல் போங்கள்.

போகிற வழியில் லூல்வத்தைப் பக்கம் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். வரிசையைப் பார்த்தாலே தெரியும், ஆள் நட்ட காடு. கரீபியப் பக்கத்து மரம். வெறும் புல்லாகிப்போன சரிவுகளிலும் கைவிட்ட தேயிலைத் தோட்டங்களிலும் 1970களுக்குப் பிறகு ஏராளமாக நட்டார்கள். நிழலும் வாசமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கீழே செடிகொடி குறைவு, குருவிச் சத்தமும் குறைவு. உண்மையான காடு பார்க்க வேண்டுமென்றால் பைனைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

தரையில் கிடக்கும் பைன் ஊசி மெத்தை மாதிரி இருக்கும். அதை நம்பி ஆணி அடித்தால் ராவைக்குக் கூடாரம் பறக்கும். கையால் ஊசியை வழித்துத் தள்ளி மண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு இழுக்க இழுக்க அது மண்ணைப் பிடிக்கும். நம்மட கடற்கரை மணலில் ஆணியே நிற்காது. அங்கே கட்டையைக் கிடையாகப் புதைத்து, அதன் நடுவில் கயிறு கட்ட வேண்டும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும், படுக்கப் போகுமுன் ஒருக்கா இழுத்துக் கட்டுங்கள். காய்ந்த கொப்பு தொங்கும் மரத்தடியில் மட்டும் படுக்க வேண்டாம்.

ஊசியில் பிசின் இருக்கிறது. வெயில் காலத்தில் ஒரு பீடித்துண்டு போதும், சரிவு முழுக்க எரிந்துவிடும். படம் எடுக்கவென்று தீ மூட்டுகிறவர்களோடு நான் போவதில்லை. ஊசியை அகற்றிய வெறுந்தரையில் சின்னக் கேஸ் அடுப்பு வைத்தால் தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் காணும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். மலசலத்துக்கு ஓடையை விட்டு அறுபது மீட்டராவது தள்ளிப்போய், ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை சூடு குறையும். போர்வையைப் பற்றித்தான் எல்லோரும் யோசிப்பார்கள், குளிர் முதுகுப் பக்கமாகத் தரையிலிருந்து ஏறும். கீழே தடித்த பாய் போடுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தை இறுக்கி மூடினால், மூன்று பேர் விட்ட மூச்சே விடியும்போது கூரையிலிருந்து சொட்டும். "டென்ட் ஒழுகுது காக்கா" என்று கடைக்குச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் நம் கரையைக் காயவைக்கும் கச்சான், மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று. மலைமுகட்டில் அதன் வேகம் பொல்லாதது. டிசம்பர், ஜனவரியில் வாடை மழை கிழக்குச் சரிவில் அடிக்கும், அட்டையும் கூடவே வரும். நம்மட ஆட்களுக்கு பெப்ரவரி, மார்ச் நல்லது. நோன்பு விழுகிற வருடமென்றால் பெருநாளுக்குப் பிறகு பாருங்கள். தொழும்போது கிப்லாவுக்கு மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்ப வேண்டும்; மரத்துக்குள் திசை தடுமாறும், ஒரு திசைகாட்டி கொண்டுபோங்கள்.

திரும்பி வந்ததும் கூடாரத்தைக் காயப் போட்டுத்தான் மடிக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். கையில் ஒட்டிய பைன் பிசினுக்குத் தேங்காயெண்ணெய் போதும். துணியில் பட்டிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், மழை தாங்கும் பூச்சும் சேர்ந்து போய்விடும்.