வெள்ளையில் எத்தனை வெள்ளை!

பாடசாலை தொடங்கும் வேளையில் உடுவில் வீதியோரம் நிற்பவர் கண்ணுக்கு முதலில் தோன்றுவது ஒரே வெண்மை. செம்பாட்டு மண்ணின் மேலே, பனையோலை வேலியும் மதிலும் அடுத்தடுத்து வரும் ஒழுங்கைகளிலிருந்து, வெள்ளைச் சீருடைகள் வந்து சேர்ந்து கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து நோக்கினால் அவ்வெண்மை ஒன்றன்று என்பது புலனாகும். செயற்கை இழை கலந்த புதுத்துணி பளிச்சென்று ஒளியைத் திருப்பி வீசும். பலமுறை தோய்த்த பருத்தியோ ஒளியைத் தன்னுள்ளே வாங்கிப் பாலேடு போல அமைந்திருக்கும். கஞ்சி முறுகிய மடிப்பு ஒன்று கத்தி போல நிற்கும்; கஞ்சியில்லாத மடிப்பு நீர் போல வழியும். நிறத்தை ஒன்றாக்கிவிடலாம், துணியின் இழைப்பாங்கை ஒன்றாக்குதல் எளிதன்று.

இவ்வூர் இத்தகைய பேச்சுக்குப் பொருத்தமானது. 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்களுக்கு விடுதிப் பாடசாலையொன்றை நிறுவினார். எழுத்தோடு ஊசியும் நூலும் அக்காலப் பெண் கல்வியில் இடம்பெற்றன. பின்னர் 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரி கண்டார். ஆதலால் இப்பக்கத்து வீடுகளில் ஆசிரியை ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது எனலாம். ஆசிரியையின் உடை பகட்டாகவும் இருத்தலாகாது. பார்ப்போர் மதிக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் பொருத்திக் காட்டுவது சிறிய வித்தையன்று.

அவ்வித்தையில் வல்லவர் என் பெரியம்மா. இளமையிலேயே கணவரை இழந்தவர். ஊர் வழக்கம் அவரிடமிருந்து நிறத்தைப் பறித்தது. சேலைக் கரையையும் பறித்தது. நகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சியது வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளே அவர் தமக்கென்று ஓர் உலகத்தை அமைத்துக் கொண்டார். அவரிடம் இருந்தவை ஆறு சேலைகள். ஒன்று மெல்லிய வொயில். மற்றொன்று கைத்தறி, நூலின் தடிப்பும் மெலிவும் அங்கங்கே கணுக்களாகத் தெரியும். இன்னொன்றிலே சில விரற்கடைக்கு ஒரு தடித்த இழை பாவிலும் ஊடையிலும் ஓடும். நேர்நின்று பார்த்தால் வெறும் வெள்ளை; வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் சேலை முழுவதும் கட்டங்கள் எழுந்து வரும். ஊராருக்கு ஆறும் ஒரே வெள்ளைச் சேலைதான். வகுப்புப் பிள்ளைகளுக்கோ இன்று கட்டச் சேலையா, கணுச் சேலையா என்று முன்கூட்டிச் சொல்வது ஒரு பந்தயமாகவே இருந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் சாதாரண நெசவு. ஊடை பல பாவிழைகளின் கீழே சென்று ஒன்றின் மேல் மட்டும் ஏறினால் பாவிழைகள் நீண்டு படுத்துச் சாட்டினாகும். அப்படுக்கையிலே ஒளி வழுக்குவதனாற்றான் அதன் மினுக்கம். நூலை அளவுக்கு மிஞ்சி முறுக்கி நெய்தால் அது சுருங்க முயன்று மணல்மணலாகக் கிரேப் பிறக்கும். பாவிலே சில வரிகளை இறுக்கியும் சில வரிகளை நெகிழ்த்தியும் நெய்தால் நெகிழ்ந்த வரிகள் பொங்கிச் சீர்சக்கர் ஆகும். பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொற்றொடர் அதன் பெயருக்கு மூலம். மழமழப்பையும் கரகரப்பையும் சொல்ல இதைவிட நல்ல பெயர் வேண்டுமா? உடலோடு ஒட்டாது காற்றுக்கு இடம்விடும் அத்துணி நம் வெப்பத்துக்கு மிக ஏற்றது. ஆனால் இஸ்திரிப்பெட்டியை அழுத்தி அந்தப் பொங்கலைத் தட்டையாக்க முயல்வோரை நான் கண்டிருக்கிறேன். என் சொல்வது!

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், வேற்று நூலால் ஒட்டுத் தைத்த கந்தையோடு கரிகாலனிடம் செல்கிறான். அவனுக்கு அரசன் அளித்த ஆடையை முடத்தாமக்கண்ணியார் வருணிக்கும்போது, இழை சென்ற வழியைக் கண்ணாற் காணவொண்ணாத நுண்மையையும் பாம்பு உரித்த தோலின் தன்மையையும் சொல்கிறார். நிறம் இன்னதென்று சொல்லவில்லை.

பிற்காலத்தில் இவ்வுண்மையை மேல்நாட்டாருக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் ஈழத்தோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவியாகிய எதெல் அம்மையார் 1903 முதல் சில ஆண்டுகள் இத்தீவில் வாழ்ந்து, இங்குள்ள கைவினைகளைக் கணவரோடு ஆராய்ந்தார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலுக்கு நிழற்படங்கள் எடுத்து உதவினார். பின்பு எதெல் மைரே என்ற பெயரோடு இங்கிலாந்தில் டிச்லிங் என்னும் சிற்றூரில் தறி அமைத்து, கையால் நூற்ற ஒழுங்கற்ற நூலையும் இயற்கைச் சாயத்தையும் கொண்டு நெய்தார். சித்திர வேலைப்பாட்டை நம்பாது நூலின் குணத்தையே அழகாக்கியது அவரது நெசவு.

இனி உடுத்தும் முறைக்கு வருவோம். பெரியம்மா கணுச் சேலைக்கு மழமழப்பான பொப்பிலின் சட்டை அணிவார்; வொயிலுக்குச் சற்றுத் தடித்த கைத்தறிச் சட்டை. கரடும் மென்மையும் அருகருகே வந்தால் ஒன்றை மற்றது எடுத்துக் காட்டும். இரண்டும் கரடானால் சாக்குப் போலாகும். இரண்டும் மினுங்கினால் கண் தங்க இடமில்லை. நம் மணப்பெண்ணின் கூறைக்குப் பெயர்பெற்ற கூறைநாட்டில் பட்டையும் பருத்தியையும் ஒரே சேலையில் கலந்து நெய்தவர்கள் இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்களே. வடித்த கஞ்சியும் ஓர் ஆயுதம். நீர்க்கக் கரைத்தால் துணி மூச்சுவிடும், தடிக்கக் கரைத்தால் தகரமாகும்.

கைம்பெண்ணுக்கு வெள்ளை என்ற வழக்கு இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆயினும் கல்லும் கண்ணாடியும் சரிகையும் ஒட்டிய சேலைகளுக்குக் கடன்பட்டுப் பணம் கொடுப்பதைக் காணும்போது அந்த ஆறு சேலைகளே நினைவுக்கு வருகின்றன.

கடையின் விளக்கொளியில் அவர் ஒருநாளும் துணி வாங்கியதில்லை. சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரு தலைப்பைத் தாம் பிடித்து, மறு தலைப்பை என்னிடம் தந்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்ப்பார். சுன்னாகத்துக் கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். சில ஆண்டுகளின் பின் பெரியம்மா படியேறுவதைக் கண்டதுமே, அவர் கேளாமலே வெள்ளைச் சேலைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.