64 கிலோபைட்டில் ஒரு கலை

பள்ளிச் சொற்போரில் இரு அணிகளுக்கும் ஒரே தலைப்பும் ஒரே கால அளவும் வழங்கப்படுகின்றன. ஆகவேதான், எந்த அணியின் வாதம் சிறந்தது என்று நடுவரால் முடிவு செய்ய முடிகிறது. கலைப் படைப்புகளை இவ்வாறு ஒப்பிடுவது எளிதன்று. எனினும், படைப்பாளர் அனைவருக்கும் ஒரே கருவி, ஒரே எல்லை என்று அமைந்த கலை ஒன்று கணினி உலகில் உள்ளது. அதன் படைப்புகள் ‘டெமோ’ எனப்படும். அவற்றை உருவாக்கியும் சுவைத்தும் விவாதித்தும் வரும் சமூகத்திற்கு ‘டெமோசீன்’ என்று பெயர்.

டெமோ என்பது இசையோடு ஓடும் அசையும் காட்சிகளின் தொகுப்பு ஆகும். நிரலர், ஓவியர், இசையமைப்பாளர் ஆகியோர் குழுவாகச் சேர்ந்து அதனை உருவாக்குவர். அது பதிவு செய்யப்பட்ட காணொளி அன்று. பார்வையாளர் பார்க்கும் நொடியிலேயே கணினி காட்சிகளைக் கணக்கிட்டு வரைகிறது.

இக்கலைக்குப் பெயர்பெற்ற கருவிகளுள் ஒன்று, 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘கொமோடோர் 64’ என்னும் வீட்டுக் கணினி. அதன் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இன்றைய திறன்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக் கூட அதில் சேமிக்க இயலாது. 16 வண்ணங்களும், ஒரே நேரத்தில் மூன்று குரல்களை ஒலிக்கும் ஓர் ஒலிச்சில்லுமே அதன் செல்வம்.

இக்கலையின் தொடக்கம் பெருமைக்குரியதன்று. 1980-களில் சிலர் கணினி விளையாட்டுகளின் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகப் பரப்பினர். தங்கள் ‘வீரத்தை’ப் பறைசாற்ற, விளையாட்டின் முன்னால் தம் குழுப்பெயரை வண்ண எழுத்துகளில் ஓடவிட்டனர். நாளடைவில், அந்த முன்னோட்டக் காட்சியை அழகாக அமைப்பதிலேயே பலருக்கு ஆர்வம் மிகுந்தது. பிறர் உழைப்பைத் திருடுவதை விடுத்துச் சொந்தப் படைப்புகளை உருவாக்கும் தனிக்கலையாக அது வளர்ந்தது.

எல்லை குறுகியதாக இருப்பதால், நிரலர்கள் கருவியின் ஒவ்வோர் அசைவையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது. ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கேற்ற கொமோடோர் 64, திரையை நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது. அதன் வரைகலைச் சில்லு, தனித்து நகரும் உருவங்களாக எட்டை மட்டுமே கையாளக்கூடியது. ஆனால், மேலே ஓர் உருவம் வரைந்து முடிக்கப்பட்டவுடன், அதே உருவத்தைக் கீழே வேறோர் இடத்தில் மீண்டும் பயன்படுத்தினால், எட்டு உருவங்கள் பதினாறாகவும் இருபத்து நான்காகவும் தோன்றும். மாற்றம் சரியான வரியில் நிகழ வேண்டும். நேரம் சற்றுத் தவறினாலும் காட்சி சிதைந்துவிடும்.

இத்தகைய படைப்புகளுள் சிறந்தது எது என்பதில்தான் சுவையான விவாதம் எழுகிறது. ‘பூஸ் டிசைன்’ என்னும் சுவீடன் நாட்டுக் குழு 2008-இல் வெளியிட்ட ‘எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்’ படைப்பைப் பலர் முன்னிறுத்துகின்றனர். காட்சிக்குக் காட்சி மாறும் தொழில்நுட்பமும், இசையோடு இழைந்து செல்லும் ஓட்டமும் நிறைந்த நீண்ட படைப்பு அது. ஒரு டெமோவில் பார்வையாளர் முதலில் தேடுவது அழகும் முழுமையுமே என்பது இவர்களின் வாதம்.

மறுதரப்பினர் லீனஸ் ஒக்கெசன் உருவாக்கிய ‘எ மைண்ட் இஸ் பார்ன்’ என்னும் படைப்பைச் சுட்டுகின்றனர். 2017-இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் நடைபெற்ற ‘ரிவிஷன்’ விழாவில் போட்டியிட்ட அதன் மொத்த அளவு 256 பைட் மட்டுமே. இன்றைய கணினியில் இரண்டு திருக்குறள்களைத் தட்டச்சு செய்தாலே ஏறத்தாழ அந்த அளவு நிரம்பிவிடும். ஆயினும், அந்தப் படைப்பு இரண்டு நிமிடத்திற்கும் மேலாக இசையும் காட்சியும் தருகிறது. ஏழு சீர்களுக்குள் ஒரு பெரும் கருத்தை அடக்குவது குறளின் சிறப்பானால், இதன் சிறப்பும் சுருக்கத்தில்தான் உள்ளது என்பது இவர்களின் வாதம்.

மூன்றாம் தரப்பினரும் உள்ளனர். நெதர்லாந்தின் ‘பிளாக்மெயில்’ குழு 1991-இல் வெளியிட்ட ‘டச்சு பிரீஸ்’ போன்ற பழைய படைப்புகளை இவர்கள் போற்றுகின்றனர். பிற்காலத்தவர் விரைவான கணினிகளில் நிரல் எழுதிச் சோதித்து, பின்னர்ப் பழைய கணினிக்கு மாற்றுகின்றனர். முன்னோர் கண்டறிந்த உத்திகளும் அவர்களுக்குத் துணைநிற்கின்றன. வழிகாட்டி இல்லாத காலத்தில் புதுவழி கண்டவருக்கே பாராட்டு உரியது என இவர்கள் கருதுகின்றனர்.

மூன்று தரப்புகளையும் உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்களின் கருத்து வேறுபாடு படைப்பைப் பற்றியது மட்டுமன்று. அளவுகோலைப் பற்றியதும் ஆகும். அழகு, சுருக்கம், முதன்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைக் கூறாமல், “இதுதான் சிறந்தது” என்று மட்டும் சொல்வது விருப்பமே ஆகும், விமர்சனம் ஆகாது. படைப்பாளர் எந்த எல்லைக்குள் உழைத்தார் என்பதை அறியாமல் கூறும் தீர்ப்பும் நியாயமாக இராது.

இத்தகைய விவாதங்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. பழைய நெகிழ்வட்டுகள் காலப்போக்கில் பழுதடைகின்றன. படைப்புகள் அழிந்துபோகும் ஆபத்து உள்ளது. ஒரு படைப்பைப் பற்றிப் பேசுவோர் இருக்கும் வரையில், அதனைப் படியெடுத்துப் பாதுகாப்போரும் இருப்பர். பின்லாந்து 2020-ஆம் ஆண்டிலும் ஜெர்மனி 2021-ஆம் ஆண்டிலும் டெமோசீனைத் தத்தம் நாட்டின் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன.

இன்று கொமோடோர 64-ஐப் போலவே இயங்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் துணையுடன், ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உள்ள ஒரு மாணவர் தம் மடிக்கணினியிலேயே இப்படைப்புகளைக் கண்டு, தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். அவருடைய நண்பர் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அப்போது இருவரும் தத்தம் அளவுகோலை எடுத்துக்கூறி வாதிட்டால், கருத்து மாறாவிட்டாலும் இருவரின் இரசனையும் வளரும்.