தோட்டத்துப் பிள்ளைகள் போகாத அலுவலகம்

கெடாவின் தோட்டப்புறத்துப் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று பதில் வரும். மாநில அரசில் வீடமைப்பைக் கவனிக்கும் அதிகாரியாகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பது அரிது. அந்த ஆசையை நாம் ஊட்டியதில்லை. லயத்தில் வளர்ந்த குடும்பங்களின் கூரையை முடிவு செய்கிற வேலை அது.

தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குச் சட்டம் உண்டு. 1966இல் ஒன்று, அதன் இடத்தில் 1990இல் இன்னொன்று. அறையின் அளவு, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் அதில் தரம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் அது வேலையோடு வரும் வீடு. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பம் ஓய்வுபெறும் நாளில் கிராண்ட் இல்லாமல் வெளியேறுகிறது. இதைக் கூட்டரசின் தொழிலாளர் சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஏனென்றால், அரசியல் சட்டப்படி நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

தோட்டம் வீட்டு மனையாக வேண்டுமானால் விவசாய நிலம் என்ற நிபந்தனையை மாநில அரசு மாற்றித் தர வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறவும் துண்டாகவும் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தொழிலாளர் வீட்டுக்கு இடம் ஒதுக்கு என்று சொல்ல அதுதான் தருணம். சுங்கை பட்டாணியில் தாமான் எழும்பிய பிறகு மனு கொடுத்துப் பலன் குறைவு.

அந்தப் பிரிவு வருவதற்கு முன்பே துண்டாடலின் கொடுமையைப் பார்த்தவர் துன் வீ.தி.சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் கூறு போடப்பட்ட காலம். அமைச்சராக இருந்தபடியே தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளி தன் காசைப் போட்டுத்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மலிவுவிலை வீடுகள் இருக்கின்றனவே என்பார்கள். 1982 கொள்கைப்படி புதிய வீடமைப்பில் 30 விழுக்காடு மலிவுவிலை வீடு. விலை அப்போது 25,000 வெள்ளி. 1998இல் அது இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்ந்தது. தோட்டத்து ஆளுக்கு விலையைவிடப் பெரிய தடை வங்கிக் கடன். அறுபதை நெருங்கும் பால்மரத் தொழிலாளிக்கு எந்த வங்கி நீண்ட காலக் கடன் தரும்? கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனோடு சேர்ந்து விண்ணப்பிக்கவோ, வாடகையாகக் கட்டியே வாங்கவோ விதி எழுத வேண்டும். லயத்து வாழ்க்கை தெரிந்தவருக்கு இது சட்டென்று தோன்றும்.

மூடா ஆற்றுக்கு அக்கரையில், 2023 தேர்தலுக்குப் பிறகு, பினாங்கின் வீடமைப்புத் துறை நம்மவரான ஆட்சிக்குழு உறுப்பினர் சுந்தராஜு சோமுவிடம் வந்தது. ஆனால் ஆட்சிக்குழுப் பதவி தேர்தலோடு வந்து தேர்தலோடு போகும். அதிகாரி முப்பது ஆண்டு இருப்பார். கெடாவுக்கு ஜொகூர், கிளந்தான், திரெங்கானுவைப் போலச் சொந்த மாநிலச் சேவை உண்டு. அதில் அதிகாரியாகச் சேர பட்டமும், எஸ்.பி.எம். மலாய்மொழியில் நல்ல தேர்ச்சியும் வேண்டும். நகரத் திட்டமிடல், நில நிர்வாகம், நில அளவை படித்தவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. அலோர் ஸ்டார் தலைமைச் செயலகத்தை மட்டும் பார்க்க வேண்டாம். கூலிம், குவாலா மூடா, பாலிங் மாவட்ட நில அலுவலகங்களிலும் முயற்சி செய்யுங்கள். நிபந்தனை மாற்றக் கேட்டு வரும் தோட்டத்தின் கோப்பைப் பிரித்து, அங்கே எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று கேட்க வேண்டிய நாற்காலி அங்கேதான் இருக்கிறது.